உங்கள் பெரிஸ்கோப் மாஸ்ட் செட் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ரிமோட்டில் ஓடும் 1/48 அளவு டைப் 7சி (இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன்) நீர்மூழ்கி மாதிரிக்கான ஏறி இறங்கும் மாஸ்ட் (பெரிஸ்கோப் கம்பம்) செட்டில் உள்ள குறைகள், பணத்தைத் திரும்பக் கோருதல்

ஐயா,

வணக்கம். இந்த செட்டைப் பற்றி ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். "கொஞ்சம் ஆயில் போட்டுப் பாருங்க சார்" என்று பதில் வந்தது. ஆயிலில் தீருகிற விஷயமில்லை என்பதால் விவரமாக எழுதுகிறேன். பில் நகலும் படங்களும் இணைப்பில் உள்ளன.

ரிசீவரின் ஆன்டெனா ஒயரைப் பெரிஸ்கோப் குழாய்க்குள் முழுக்கச் செருகி, மேலே தலையை வைத்து ஒட்டிவிடச் சொல்கிறது உங்கள் குறிப்புத்தாள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணீருக்குள் எடுபடாது. அதனால் பெரிஸ்கோப் மட்டும் மேலே தெரியும் ஆழத்தில் ஓடும்போது ஆன்டெனாவை அதன் வழியாக மேலே கொண்டுவருவது நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஒயரில் வேலை செய்வது நுனியில் இருக்கும் 31 மில்லிமீட்டர்தான். அதையும் உலோகக் குழாய்க்குள் வைத்து, உலோகத் தலையால் மூடினால் சிக்னல் எப்படி வரும்? குழாய் கொஞ்சம் கீழேயே முடிந்து, மேல்பகுதியும் தலையும் பிளாஸ்டிக்கில் இருந்திருக்க வேண்டும். பழைய 40 மெகாஹெர்ட்ஸ் செட் என்றால் நன்னீரில் ஆன்டெனா மூழ்கியிருந்தாலும் ஓட்டலாம். ஆனால் உங்கள் பெட்டியில் 2.4 என்றுதானே அச்சிட்டிருக்கிறீர்கள்?

குளத்தில் படகின் மேல்கோபுரம் மூழ்கி, பெரிஸ்கோப் மட்டும் வெளியே தெரிந்த நிலையில் சிக்னல் போய்விட்டது. ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் தானாக இயங்கும் பாதுகாப்பு) வேலை செய்து, படகை மூழ்கவைக்கும் பேலஸ்ட் தொட்டித் தண்ணீரை வெளியேற்றியதால் படகு மேலே வந்தது. இல்லையென்றால் 1.4 மீட்டர் நீளப் படகைச் சேற்றில் துழாவிக்கொண்டிருப்பேன்.

அடுத்தது, 'சுத்தப் பித்தளை' என்ற உங்கள் விளம்பரம். காந்தத்தை அருகே கொண்டுபோனால் குழாய் டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பது பழைய இரும்புக் கடைப் பையனுக்கும் தெரியும். உள்குழாயின் நீளவாக்கில் ஓடும் வெல்டிங் தழும்பு வெளிக்குழாயில் உரசி, முலாம் உரிந்து, அந்தக் கோட்டில் துரு பிடித்திருக்கிறது. இப்போது மாஸ்ட் பாதி ஏறியதும் சிக்கிக்கொள்கிறது. அதை ஏற்றி இறக்கும் சர்வோ மோட்டார் முனகிக்கொண்டே சூடாகிறது. நான் இருப்பது கோவையில். இதைவிட நல்ல குழாயை இங்கே எந்த லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கியிருப்பேன்.

சரி, தோற்றமாவது சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. டைப் 7சி-யில் தாக்குதல் பெரிஸ்கோப்பின் தலை மெலிந்திருக்கும். எதிரியின் கண்ணில் படாமல் இருக்கத்தான் அப்படி. வானத்தையும் பார்க்கும் இன்னொன்றின் தலை பருத்திருக்கும். நீங்கள் இரண்டுக்கும் ஒரே பருத்த தலையைப் போட்டுவிட்டு, 'அசல் வரைபடப்படி' என்று கூடுதல் விலை வாங்கியிருக்கிறீர்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: புஷ்ராடு (சர்வோ தள்ளும் கம்பி) வழியாகத் தண்ணீர் புகாமலிருக்கத் தந்த ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு உறை) நல்ல சரக்கு, சொட்டுக்கூடக் கசியவில்லை. அதை வேண்டுமானால் விலைக்கே வைத்துக்கொள்கிறேன்.

திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று உங்கள் ஊழியர் சொல்கிறார். இரும்பைப் பித்தளை என்று விற்றதற்கு அந்த விதி பொருந்தாது. பெல்லோஸின் விலை போக மீதிப் பணத்தை 15 நாட்களுக்குள் என் கணக்கில் செலுத்துங்கள். செட்டை எடுத்துச் செல்லும் கூரியர் செலவும் உங்களுடையது. தவறினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். அந்தக் குறிப்புத்தாளையும் உடனே மாற்றுங்கள்; அடுத்து வாங்குபவரின் படகில் ஃபெயில்சேஃப் இல்லாமலும் இருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்