பொத்தானில் செருகிய தீக்குச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலை விபத்து நேரும்போதெல்லாம் ‘தொழிலாளரின் அலட்சியம்’ என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுகிறார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் 26 ஆண்டுகள், உலோகத் தகடுகளை அழுத்தி வெட்டி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை.

பவர் பிரஸ்ஸில் இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே சிக்காதிருக்கவே அந்த ஏற்பாடு. ஆனால், ஷிஃப்ட் முடிவதற்குள் எண்ணிக்கையை எட்டியாக வேண்டிய நெருக்கடியில், ஒரு பொத்தானின் இடுக்கில் தீக்குச்சியைச் செருகி அழுந்தியபடியே நிறுத்திவிட்டு, ஒரு கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே மறு கையால் இயக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். (நானும் செருகியவன்தான்.) அதைக் கண்டும் காணாமல் கடந்துபோகும் சூப்பர்வைசரே, மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று எங்களுக்கு உறுதிமொழி வாசிப்பார்.

போபால் துயரத்துக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், அபாயகரமான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. நாளை வேலை இருக்குமோ என்று அஞ்சும் காண்ட்ராக்ட் தொழிலாளர் எந்தக் குழுவில் வாய் திறப்பார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களுக்கோ, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய எச்சரிக்கைப் பலகை வெறும் சுவர்ப்படம்.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தலைக்கவசத்தை எண்ணுவதோடு நில்லாமல், அன்றைய உற்பத்தி இலக்கு எழுதிய கரும்பலகையையும் பார்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரஸ் ஆபரேட்டர்,
அம்பத்தூர், சென்னை.