ஒரே நாளில போய் வரலாமாம்!

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

"கோடை வெக்கை தாங்கேலாட்டி ஒரே நாளில பீதுருதாலகால மலைக்குப் போய்க் குளிர்ந்திட்டு வாங்கோ" எண்டு உங்கட ஞாயிறு இதழ்ல எழுதினவர் எங்க இருந்து எழுதினவர் எண்டு கேக்கத் தேவையில்ல, கொழும்புதான். திருகோணமலையில இருந்து கண்டிக்கே 180 கிலோமீற்றர் அளவில வரும், பேந்து அந்த மலை இருக்கிற நுவரெலியாவுக்கு இன்னும் 77, அதுவும் றம்பொடை வளைவுகளில வான் வண்டி ஊர்ந்துதான் ஏறும். நடுச்சாமம் வெளிக்கிட்டு மற்ற நாள் விடியப்புறம் வந்து விழுந்த எங்களுக்கு அது எந்தக் கணக்கில ஒரு நாள் எண்டு நீங்கள்தான் சொல்லோணும்.

தூரத்தை விடுங்கோ. ஆடியில எங்களுக்குக் கச்சான் எண்ட வெக்கைக் காத்து அடிக்கேக்க மலைநாட்டுக்குத் தென்மேல் பருவமழை எண்டது ஐயாவுக்குத் தெரியாததே? அந்தக் காத்து ஈரத்தையெல்லாம் மலைக்கு அங்கால கொட்டிப்போட்டு இங்கால இறங்கேக்க காஞ்சு சூடாகி வருது, எங்கட வெக்கையும் அவையின்ட மழையும் ஒரே காத்து பாக்கிற வேலை, இது பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். ஆனா உங்கட ஆக்களுக்கு கொழும்பில மழை பெய்தா "நாடு முழுவதும் மழை" எண்டு தலைப்புப் போட்டுத்தான் பழக்கம், நாங்கள் இங்க கிணத்தில வாளி நிலத்தைத் தட்டுது எண்டு நிப்பம்.

"நடந்து ஏறுற சுகமே தனி" எண்டும் எழுதியிருந்தவர், அதை நம்பி எங்கட மாமி புதுக் கன்வஸ் சப்பாத்து வாங்கினவ. அது ராடாரும் கோபுரங்களும் நிக்கிற உயர் பாதுகாப்பு வலயம், வாசல்ல பதிஞ்சுபோட்டு வாகனத்தில மட்டும்தான் மேல விடுவினம், கால்நடையா ஒருத்தரையும் விடமாட்டினம். எழுதினவர் அந்தப் பக்கம் போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும். 2524 மீற்றர், இலங்கையிலயே உயரமான இடம், அங்க நிண்டு நாங்கள் கண்டது வானின்ட பொனட்டை மட்டும்தான், அதுக்கு அங்கால முழுக்கப் பனிப்புகார். பிளாஸ்க் மூடியில ஊத்தின தேத்தண்ணி ரெண்டாம் வாய் குடிக்க முதல் ஆறிப்போச்சு. மாமி குளிக்கிற துவாயைத் தலையில சுத்திக்கொண்டு "கோணேசர் கோயிலடியில நிண்டாக் கடலாவது தெரியும்" எண்டா. மனுசன் வாயே திறக்கேல்ல, பெற்றோல் காசு அவர்ட எல்லோ.

இதெல்லாம் புதுசே? எங்கட திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மட்டக்களப்பில கொண்டுபோய் வைச்சதும் உங்கட பத்திரிகைதான், நான் எழுதின கடிதத்துக்குத் திருத்தமும் இல்ல, மறுமொழியும் இல்ல. எங்கட ஊர் உங்களுக்கு ஞாபகம் வாறது நிலாவெளிப் படம் தேவைப்பட்டா மட்டும். அந்தக் கடற்கரைக்கும் "மார்கழி லீவுக்கு ஏற்றது" எண்டு போட்டிருந்தீங்கள், மார்கழியில எங்களுக்கு அடைமழை ஐயா, கடலுக்குள்ள கால் வைக்கேலாது.

பெரிசா ஒண்டும் கேக்கேல்ல. சுற்றுலாப் பக்கத்தில கொழும்புத் தூரத்துக்குக் கீழ திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணத்துத் தூரத்தையும், அந்த இடத்தில எந்த மாசம் மழை எண்டதையும் ரெண்டு வரி போடுங்கோ. இடம் காணாட்டி ராசிபலனில கொஞ்சம் குறையுங்கோ, அதுவும் பலிக்கிறேல்லத்தானே.

இப்படிக்கு,
உவர்மலை வாசகி,
திருகோணமலை