பிழைச் செய்தியை நகலெடுக்க விடுங்கள்

மென்பொருளின் முகப்பை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். போன பதிப்பு வரை பிழைப் பெட்டி வந்ததும் கன்ட்ரோல்-சி அழுத்தினால் போதும். தலைப்பு, செய்தி, பொத்தானின் பெயர் எல்லாம் எழுத்தாகவே நகலாகிவிடும். விண்டோஸின் சாதாரண மெசேஜ் பாக்ஸுக்குப் பிறவியிலேயே உள்ள வசதி அது. புதிய பதிப்பில் அதைத் தூக்கிவிட்டு, வளைந்த மூலையும் நிழலுமாக நீங்களே ஒரு பெட்டி வரைந்திருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் 32 எழுத்துக் குறிப்பு எண்ணை மட்டும் தொட முடியவில்லை. கீழே "ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பவும்" என்று ஒரு வரி. அனுப்பினால் உதவிப் பிரிவின் பதில்: "குறிப்பு எண்ணை டைப் செய்து அனுப்பவும்."

உங்கள் நிரலில் எழுத்தாக இருந்ததைப் படமாக்கி, அந்தப் படத்தை மறுபடி எழுத்தாக்கும் வேலை பயனர் தலையில் விழுகிறது.

விண்டோஸ்-ஷிஃப்ட்-எஸ் அழுத்திப் பிடித்த படத்தை ஸ்னிப்பிங் டூலில் திறந்து, படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெக்ஸ்ட் ஆக்‌ஷன்ஸ் பொத்தானை அழுத்தலாம். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸ் இருந்தால் விண்டோஸ்-ஷிஃப்ட்-டி (T). வாக்கியங்கள் பெரும்பாலும் சரியாக வரும். சிக்கல் அந்த எண்ணில்தான். கருஞ்சாம்பல் பின்னணியில் பொடி எழுத்தாக நீங்கள் வைத்திருப்பதால் 8 என்பது பெரிய 'பி' (B) ஆகிறது, 0 என்பது 'டி' (D) ஆகிறது. 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் கொண்டு எழுதும் பதினாறடிமான எண்ணில் இவை நான்குமே செல்லும். சொல்லாக இருந்தால் அகராதியைப் பார்த்தாவது திருத்தலாம். இதற்கு ஏது அகராதி? ஓர் எழுத்து மாறினாலும் "அப்படி ஒரு பதிவே இல்லை" என்று கைவிரிக்கிறார்கள்.

செய்தி தமிழில் இருந்தால் இன்னும் மோசம். பவர்டாய்ஸ் நம்பியிருக்கும் விண்டோஸ் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் வசதி) மொழிப் பொதிகளில் தமிழ் கிடையாது. டெசராக்ட் என்ற இலவச ஓசிஆர் மென்பொருளை நிறுவி, தமிழ்த் தரவுக் கோப்பைத் தனியே சேர்க்க வேண்டும். அது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவுப் படத்தை எதிர்பார்க்கும். ஸ்கிரீன்ஷாட்டோ வழக்கமாக 96தான். எனவே படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி, கருந்திரை என்றால் நிறத்தையும் தலைகீழாக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். அப்போதும் 'வரவு' 'வாவு' ஆகலாம்; சிறிய எழுத்துருவில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் ஓரிரு பிக்சல்தான். புள்ளியும் அவ்வளவே. படத்தை மெசேஜ் செயலி வழியே அனுப்பினால் அது ஜேபெக்காகச் சுருங்கி அந்தப் பிக்சலும் கலங்கிவிடும். பிஎன்ஜி கோப்பாக இணைத்தால்தான் தப்பும்.

நகலெடுக்க விடாததற்கு என்ன காரணம்? பிழை எண்ணை யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்களா? சுற்றறிக்கை என்றால் படம், கால அட்டவணை என்றால் படம், பிடிஎஃப் என்றால் நகலெடுக்கப் பூட்டு. எழுத்தைப் படமாக வைக்காதீர்கள் என்று, வலைப்பக்கங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை 2008லேயே 1.4.5 என எண் போட்டுச் சொல்லிவிட்டது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பியிருப்பவருக்கு நீங்கள் கேட்கும் ஸ்கிரீன்ஷாட் வெறும் மௌனம். அதையும் வளைந்த மூலையோடு அழகாகத் தருகிறீர்கள்!

பொறுத்தருள்க, கேட்க வந்தது சின்ன விஷயம். பிழைச் செய்தியை நகலெடுக்க விடுங்கள். முகப்பை நீங்கள் உருவாக்கும் கருவி டபிள்யூபிஎஃப் (WPF) என்றால் டெக்ஸ்ட்பிளாக்குக்குப் பதில், திருத்த முடியாதபடி பூட்டி விளிம்பை நீக்கிய டெக்ஸ்ட்பாக்ஸ்; தோற்றம் கெடாது. க்யூட்டி (Qt) என்றால் லேபிளில் சுட்டியால் தெரிவுசெய்யும் கொடியை இயக்குங்கள். வலைப்பக்கம் என்றால் சிஎஸ்எஸ்ஸில் யூசர்-செலக்ட் தடையை அழியுங்கள். குறிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் 'நகலெடு' என்று ஒரு பொத்தானும் இருந்தால் பெரிய உதவி.

இத்தனையும் உடனே முடியாதென்றால், அந்த 32 எழுத்தை மட்டுமாவது அடுத்த பதிப்பில் நகலெடுக்க விடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் பிழை எண்களை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் பயனர்கள்