விட்டுப்போகும் பூஜ்ஜியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் நீள் வகுத்தலைப் படிப்படியாக விளக்கும் கட்டுரை வந்திருந்தது. ‘வகு, பெருக்கு, கழி, இறக்கு’ என்று நான்கே சொற்களில் முறையைச் சொல்லியிருந்தார்கள். எடுத்துக்காட்டுகளும் சரிதான். ஆனால் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் அதில் இல்லை. ஈவின், அதாவது வகுத்து வரும் விடையின், நடுவில் பூஜ்ஜியம் வரும் கணக்கைத்தான் சொல்கிறேன்.

4218-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 703-க்குப் பதிலாக 73 என்று எழுதுவார்கள். 42-இல் 6 ஏழு முறை, மீதி இல்லை. 1-ஐ இறக்கினால் 6 போகாது. உடனே 8-ஐயும் இறக்கி, 18-இல் மூன்று முறை என்று முடித்துவிடுகிறார்கள். இதைக் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதுவது நியாயமில்லை. கணக்கின் தொடக்கத்தில் 4-இல் 6 போகாதபோது, ஈவில் எதுவும் எழுதாமல் 42-ஆகச் சேர்த்து எடுத்துக்கொள் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? பிள்ளை அதையே நடுவிலும் செய்கிறது. முன்னால் வரும் பூஜ்ஜியத்தை விட்டால் மதிப்பு மாறாது, 0703-உம் 703-உம் ஒன்றே. நடுவில் விட்டால் இடமதிப்பே சரிந்துவிடும். இந்த வேறுபாட்டை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ரூபாயை வைத்துச் சொன்னால் உடனே புரியும். 4218 ரூபாயை 6 பேருக்குப் பங்கு போட வேண்டும். கையில் நூறு ரூபாய்த் தாள் 42, பத்து ரூபாய்த் தாள் 1, ஒரு ரூபாய் நாணயம் 8. நூறு ரூபாய்த் தாளில் ஆளுக்கு 7. பத்து ரூபாய்த் தாள் ஒன்றே ஒன்று, ஆறு பேருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே பத்தின் இடத்தில் ஆளுக்கு 0. அந்தத் தாளைச் சில்லறை மாற்றினால் 10 நாணயம், இருந்த 8-உடன் சேர்த்து 18, ஆளுக்கு 3. 7 நூறு, 0 பத்து, 3 ஒன்று: 703. பூஜ்ஜியத்தை விட்டு 73 என்று எழுதினால், ஒவ்வொருவர் கையிலும் உள்ள ஏழு நூறு ரூபாய்த் தாள்களும் பத்து ரூபாய்த் தாள்களாகிவிடும்.

‘இறக்கு’ என்ற சொல்லோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: ஓர் இலக்கத்தை இறக்கினால் ஈவில் ஓர் இலக்கம் எழுதியே தீர வேண்டும், போகவில்லை என்றால் 0. வகுக்கத் தொடங்கும் முன்பே ஈவுக்கு எத்தனை இலக்கம் என்று முடிவு செய்துவிடுவதும் நல்லது. முதலில் எடுத்தது 42 நூறு. ஆகவே விடை நூறின் இடத்தில் தொடங்கும், மூன்று இலக்கம். அந்த மூன்று இடத்திலும் புள்ளி வைத்துவிட்டால், ஏதாவது ஒன்று நிரம்பாமல் நிற்பது கண்ணில் படும். கட்டம் போட்ட நோட்டு இருந்தால் இன்னும் வசதி, கட்டத்துக்கு ஓர் இலக்கம் போதும்.

கடைசியில் வரும் பூஜ்ஜியமும் இப்படித்தான் தொலைகிறது. 843-ஐ 4-ஆல் வகுத்து ‘ஈவு 21, மீதி 3’ என்று எழுதுவார்கள். கடைசி 3-இல் 4 போகாது, அங்கே 0 போட்டு 210 என்று முடிக்க வேண்டும். மீதியைச் சரியாக எழுதிவிட்டதால் பெரியவர்களும் சில நேரம் ‘சரி’ போட்டுவிடுகிறோம்! சரிபார்க்கும் வழி எல்லாருக்கும் தெரிந்ததே: ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் வர வேண்டும். 21 × 4 + 3 போட்டால் 87. எங்கே 87, எங்கே 843! இந்த ஒரு வரியை விடைக்குக் கீழே எழுதாத வரை கணக்கு முடியவில்லை என்றே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மாணவர் பக்கத்தில் வகுத்தல் மறுபடி வரும்போது, ஈவின் மேல் ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று இடப்பெயர்களை அச்சிட வேண்டுகிறேன். பயிற்சிக்கு இந்த நான்கு கணக்குகளைக் கொடுக்கலாம்: 618 ÷ 6, 922 ÷ 9, 6012 ÷ 6, 7525 ÷ 25. விடைகள் முறையே 103; 102 (மீதி 4); 1002; 301. மூன்றாவதில் அடுத்தடுத்து இரண்டு பூஜ்ஜியம் வருவதால் அதற்கு மட்டும் எல்லாப் படிகளையும் அச்சிடுங்கள்.

– கணித ஆசிரியை, மன்னார்குடி