ஜேசிபிக்குச் சொல்லும் முன் எங்களுக்கு ஒரு போன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மனை வாங்கியவர்கள் எங்களைக் கூப்பிட்டதும் பெருமையாகச் சொல்வது: "இடத்தைச் சுத்தம் பண்ணி வச்சாச்சு, நீங்க வந்து பிளான் போட்டா போதும்." அந்தச் சுத்தம்தான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். இருந்த பூவரசையும் வேம்பையும் சாய்த்து, மூன்றடிக்கு கிராவல் கொட்டி நிரவியிருப்பார்கள். அப்புறம் தோட்டத்துக்கு நடுவே வீடு இருக்கிற மாதிரி வேண்டும் என்று நர்சரி நர்சரியாக அலைவோம்.

மரத்தை வெட்டாமல் விட்டாலும், அடிமரத்தைச் சுற்றி மண் ஏற்றினால் போச்சு. நீரும் காற்றும் இழுக்கிற வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடிக்குள்தான் இருக்கிறது. அதன்மேல் மண் விழுந்தால் மூச்சு முட்டும். உடனே தெரியாது. கிரகப்பிரவேசத்தன்று பச்சையாக நின்ற ஒரு வேம்பு, இரண்டாம் வருஷம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது.

அதனால் முதல் மூன்று வாரம் நாங்கள் ஒரு கோடும் போடுவதில்லை. "ஃபீஸ் வாங்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்காங்க" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். உண்மைதான், சைட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இருந்தோம். மூங்கில் நுனியில் கட்டிய ரிப்பன் எப்போது திரும்புகிறது, கடல்காற்று எத்தனை மணிக்கு ஏறுகிறது, நாலு மணி வெயிலை எந்த மரம் மறைக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்பது குளிர்நாட்டுக் கணக்கு. சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். சன்ஷேடு இல்லாவிட்டால் கண்ணாடி கொதிக்கும். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் வாங்கிய லுனுகங்க தோட்டத்தைக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் திருத்திக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்பது மூன்று வாரம்.

ஒரு வீட்டில் சாப்பாட்டு அறை வரவேண்டிய இடத்தில் பூவரசு நின்றது. அறையை 'ப' வடிவில் மடக்கி, மரத்தை முற்றத்தில் விட்டோம். வேருக்கு வழிவிட்டு இரண்டு தூண்கள் நகர்ந்தன. 14 அடி பீம் 19 அடியானது, கம்பியும் கூடியது. வேர் அறுபடக் கூடாதென்று தூண் குழியை ஜேசிபி இல்லாமல் கடப்பாரையால்தான் தோண்டினோம். செலவு ஏறும், மறைக்க மாட்டோம். இலையைத் தினமும் கூட்ட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடிக் குழாய் வாயில் அடைத்த சருகை எடுக்க வேண்டும். இது சரிவராது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

எங்கள் தப்பும் ஒன்று உண்டு. கடலோரம் கட்டிய முதல் வீட்டுக்குச் சாதாரண இரும்பு கிரில் போட்டோம். இரண்டு வருஷத்துக்குள் உப்புக்காற்றில் பொரிந்து உதிர்ந்தது. எங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தோம். இப்போது அங்கெல்லாம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் மரம்.

பத்திரம் பதிந்ததும் ஒரு போன் செய்யுங்கள். மரங்களுக்குச் சுண்ணாம்பில் எண் போட்டு, தரைமட்டம் எடுத்துவர ஆள் அனுப்புகிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் கட்டட வடிவமைப்புக் குழுவினர்