வளையல் தாம்பாளத்தைப் பற்றி விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதி விவசாயிகள் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், போராட்டக் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் வளையல் கடை வைத்திருக்கிறவள் எழுதுகிறேன். வீட்டுக்காரர் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, சங்கத்துக்குச் சந்தாவும் கட்டுகிறோம். அதனால் இதை வெளியாள் சொல்லும் புத்திமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை, மேட்டூர் திறந்த பிறகுதான் தூர்வார வந்தார்கள், நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது. நீங்கள் கேட்டது அத்தனையும் நியாயம். ஆனால் பாசன அலுவலக வாசலில், தாம்பாளத்தில் பூ, மஞ்சள், குங்குமத்தோடு வளையலையும் வைத்து, கையாலாகாத அதிகாரிகள் இதைப் போட்டுக்கொள்ளட்டும் என்று கோஷம் போட்டீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வளையல் என் கடையில்தான் வாங்கினீர்கள். சைஸ் கேட்டேன். “ஏதோ ஒண்ணு குடுங்கக்கா, யாரு போடப் போறா?” என்றார் வந்த தம்பி.

கண்ணாடி வளையலில் ஏதோ ஒண்ணு என்று கிடையாது. இரண்டு நாலு என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம். அந்த நாலு, பதினாறில் நாலு. அப்புறம் இரண்டு ஆறு, இரண்டு எட்டு என்று அரைக்கால் அங்குலமாக ஏறும். அந்த அரைக்கால் தப்பினால் ஒன்று ஏறாது, இல்லை கழன்று விழும். விரல்களைக் குவிக்கச் சொல்லி, சோப்புத் தண்ணீர் தடவி, கட்டைவிரல் அடிமூட்டை உள்ளே அமுக்கி மெல்ல ஏற்ற வேண்டும். நடவு நட்டு, களை பறித்துக் காய்த்த கையில் அந்த மூட்டு சுலபத்தில் இளகாது. அந்தக் கைகளுக்கு ஒரு சைஸ் கூடுதலாகவே எடுத்து வைப்பேன். உழைக்கிற கைக்குப் பெரிய வளையல் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நீங்கள் வாங்கிப் போனது இரண்டு நாலு. அதிகாரியின் சுண்டுவிரலைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

இன்னொரு வேடிக்கை. உங்கள் மனுவை வாங்கி ரசீது போட்டுக் கொடுத்தது ஒரு பெண் அலுவலர். அவர் கையில் ஏற்கெனவே வளையல் இருந்தது. கோஷம் அவர் காதிலும்தானே விழுந்திருக்கும்?

வளையல் பெண்ணுடையது, பெண் என்றால் எதற்கும் துணியாதவள். இதுதான் அந்தத் தாம்பாளத்துக்கு அர்த்தம். நம் சோழ நாட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது. பகைவரின் தொங்கும் கோட்டையைத் தகர்த்ததாகப் பேர் வாங்கிய பழைய சோழ ராஜாவுக்கு மணிமேகலை கொடுக்கும் அடையாளமே ‘தொடித்தோள் செம்பியன்’ என்பதுதான். தொடி என்றால் வளை. அதைக் கைக்கும் போட்டார்கள், தோளுக்கும் போட்டார்கள். புகாரில் இந்திர விழாவை இருபத்தெட்டு நாள் எடுக்க ஏற்பாடு செய்தவர் அவர்தான். தாம்பாளத்தை அவரிடம் நீட்டியிருந்தால் நன்றி சொல்லி வாங்கிப் போட்டிருப்பார்.

அவ்வளவு தூரம் எதற்கு, உங்கள் நோட்டீஸையே எடுத்துப் பாருங்கள். ‘உரிமையை மீட்கக் கங்கணம் கட்டிவிட்டோம்’ என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறீர்கள். கங்கணமும் வளையல்தான் அண்ணே. ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை எல்லை தாண்ட மாட்டார். பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, முதலில் போடுவது கருப்பு வளையலும் காப்பும். போன தடவை மறியலில் உங்களைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் அடைத்தபோது, ‘தலைவருக்குக் காப்பு மாட்டிட்டாங்க’ என்று ஊரே பெருமையாகப் பேசியது. மேடையில் ஏறினால் மட்டும் அது எப்படி அவமானச் சின்னமாகிவிடுகிறது?

ஆடிப் பதினெட்டுக்கு உங்கள் வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், சாமான் வாங்க என் கடைக்குத்தான் வருகிறார்கள். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, வளையல். காவிரிக்கு மசக்கை என்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு பாமணியாற்றுப் படித்துறையில் இறங்கி, காப்பரிசியோடு அந்த வளையலையும் தண்ணீரில் விடுகிறார்கள். ஆடிப்பூரத்தில் அம்மனுக்குச் சரம் சரமாக வளையல் சாத்தி, அதையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். வளைகாப்பில் முதலில் வேப்பிலைக் காப்பைப் போட்டுவிட்டுத்தான் கண்ணாடி வளையலை அடுக்குகிறார்கள். ஆற்றுக்குப் படைக்கிற அதே பொருளை, ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிடாதவரை வைவதற்கு எடுத்துப் போகிறீர்கள்.

வளையலுக்குக் கசப்பான பக்கமும் உண்டு. கணவன் போனால் கையைப் பிடித்து உடைக்கிற வழக்கம் இன்னும் நம் ஊர்களில் முழுசாக ஒழியவில்லை. அதைச் சடங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணலூர் மணியம்மையும் இளம் வயதில் கணவரை இழந்தவர்தான். மூலையில் உட்காராமல் தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டையோடு 1940களில் கீழத்தஞ்சை முழுக்கச் சுற்றி விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார். அவர் கையில் வளையல் இல்லை. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது போராட்டத்தில் உட்கார்ந்த பெண்கள் கைகளில் இருந்தது. இரண்டு பேர் துணிச்சலையும் வளையலை வைத்து எப்படி அளப்பீர்கள்?

கடையில் வியாபாரம் கெடும் என்று எழுதவில்லை. உங்களால் அன்றைக்கு எனக்கு ஒரு டஜன் விற்றதுதான் மிச்சம், அதுவும் கடன். வருத்தம் வேறு. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள். கோஷம் வந்ததும் அவர்களும் கையைத் தூக்கித்தான் போட்டார்கள், என் பக்கத்தில் நின்ற சின்னம்மா மட்டும் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

அடுத்த தடவை தாம்பாளம் கட்டாயம் வேண்டுமென்றால், வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை வேரும் சேறுமாக அள்ளிக் கொண்டுபோய் வையுங்கள். கருகின நாற்றை முடியோடு வையுங்கள். தூர்வாரியதாகக் கணக்கு எழுதிய வாய்க்காலின் போட்டோவைத் தேதியோடு ஒட்டி வையுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய பொருள் இவைதான். வளையலைப் பார்த்து எந்த அதிகாரியும் மதகைத் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மனு எழுத உட்காரும்போது எங்களையும் கூப்பிடுங்கள். சங்க நிர்வாகிகள் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லாததை இப்போதைக்குச் சண்டையாக்கவில்லை, பொதுக்குழுவில் பேசுவோம். ஆனால் எந்த மதகில் பலகை உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் கன்னிவாய்க்கால் மேடு தட்டித் தண்ணீர் திரும்பிவிடுகிறது என்பது நடவுக்குப் போகிற பெண்களுக்கு மனப்பாடம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு தம்பியை மட்டும் அனுப்புங்கள். அந்த டஜன் வளையலுக்கான பாக்கியையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பலாம்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டும் ஒரு வளையல் கடைக்காரி