அந்த ஐந்து ரன்

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் கிரிக்கெட் ஆடிப் பெயர் வாங்கியவன் அல்ல, ஸ்கோர் எழுதியவன். தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட லீக்கில் இருபத்தாறு வருடங்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் மர நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்து, பந்துக்குப் பந்து புள்ளி வைத்தவன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் நாளே பென்சிலைப் பிடுங்கிவிட்டுப் பேனாவைக் கையில் கொடுத்தார். "மைதானத்தில் நடந்ததை எழுது. எழுதியதை அழிக்காதே" என்றார். அந்தப் பழக்கத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் ஏட்டில் ஒரு பக்கம் அழிக்கப்பட்டிருக்கிறது. அதைத் திரும்ப எழுதக் கேட்கிறேன்.

ஆலன் ஜோன்ஸ் என்ற பெயர் உங்களில் பலருக்கு உடனே நினைவுக்கு வராமல் போகலாம். வேல்ஸில் ஸ்வான்சிக்கு அருகே வெலிந்த்ரே என்ற சிற்றூரில் 1938இல் பிறந்தவர். இடதுகை தொடக்க ஆட்டக்காரர். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடும் மாவட்ட அணிகளைக் கவுண்டி என்பார்கள்; வேல்ஸின் ஒரே முதல்தரக் கவுண்டியான கிளாமோர்கனுக்கு 1957இல் ஆடத் தொடங்கி 1983இல்தான் மட்டையைக் கீழே வைத்தார். 645 முதல்தர ஆட்டங்கள், 36,049 ரன்கள், 56 சதங்கள். 1961 முதல் 1983 வரை ஒரு பருவம்கூடத் தவறாமல், இருபத்து மூன்று முறை ஆயிரம் ரன்களைத் தாண்டினார்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கவுண்டி ஆட்டக்காரரின் அந்தக் காலத்து வாழ்க்கை, வருமானத்தில் இன்றைய லீக் ஆட்டக்காரர்களின் வாழ்க்கையோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. ஏப்ரலில் விரல் விறைக்கும் குளிரில் தொடங்கி செப்டம்பர் வரை ஆட்டம். மூன்று நாள் ஓர் ஊரில் ஆடிவிட்டு, அன்று மாலையே மூட்டையைக் கட்டிக் காரில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். மறுநாள் காலை அங்கே டாஸ். செப்டம்பர் முடிந்தால் குளிர்காலத்துக்குப் பலரும் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். ஜோன்ஸ் ஆடிய காலத்தின் பெரும்பகுதியில் ஆட்டம் நடக்கும்போது ஆடுகளத்தை முழுமையாக மூடும் வழக்கம் இல்லை. இரவில் மழை பெய்து காலையில் வெயில் அடித்தால், அந்த ஈரக் களத்தில் முதலில் போய் நிற்க வேண்டியவர் தொடக்க ஆட்டக்காரர்தான். பந்துவீச்சாளர்களை எடுத்துக்கொண்டால் ஃபிரெட் ட்ரூமன் காலத்தில் தொடங்கியவர் மால்கம் மார்ஷல் காலம் வரைக்கும் நின்றார். அதில் இருபது வருடங்கள் தலையில் ஹெல்மெட் கிடையாது. 1980இல் பேசிங்ஸ்டோக்கில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 204 அடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய வாழ்நாளின் அதிகபட்ச ஸ்கோர் அதுதான். ஸ்கோர் எழுதுகிறவனாகச் சொல்கிறேன், அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

இவ்வளவு ஆடியவரை இங்கிலாந்துத் தேர்வாளர்கள் ஒரே ஒரு முறைதான் அழைத்தார்கள். அது 1970 ஜூன்.

அந்தக் கோடையில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்கு வருவதாக இருந்தது. நிறவெறி அரசின் அணியை வரவிடக் கூடாது என்று நாடெங்கும் எதிர்ப்பு வலுத்தது. கடைசியில் அரசே கேட்டுக்கொண்டதால் சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. அது சரியான முடிவு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் பல நாட்டு ஆட்டக்காரர்கள் சேர்ந்த உலக அணியோடு ஐந்து ஆட்டங்கள் ஏற்பாடாயின. கேரி சோபர்ஸ் தலைமையில் கன்ஹாய், லாயிட், கிப்ஸ், நம் ஃபரூக் எஞ்சினியர், இன்திகாப் ஆலம் ஆகியோரோடு பார்லோ, கிரேம் போலாக், பேரி ரிச்சர்ட்ஸ், மைக் ப்ராக்டர் என்று தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர்களும் ஒரே ஓய்வறையில் உட்கார்ந்தார்கள். எதிரணியில் இங்கிலாந்துக்காக ஆடியவர் பேசில் டி ஒலிவெரா. தன் தோலின் நிறத்தால், பிறந்த நாடான தென்னாப்பிரிக்காவுக்காக ஆட முடியாமல் போனவர். கிரிக்கெட் வரலாற்றில் அப்படி ஒரு மைதானக் காட்சி அபூர்வம். அந்த ஆட்டங்களை இங்கிலாந்து வாரியம் டெஸ்ட் என்றே அறிவித்தது.

ஜூன் 17, லண்டனின் லார்ட்ஸ் மைதானம். மறுநாள் பிரிட்டனில் பொதுத்தேர்தல். இங்கிலாந்து 127க்குச் சுருண்டது. சோபர்ஸ் 21 ரன் கொடுத்து 6 விக்கெட். பிறகு அவரே மட்டையோடு வந்து 183 அடித்தார். இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி. ஆலன் ஜோன்ஸ் முதல் இன்னிங்ஸில் 5, இரண்டாவதில் 0. இரண்டு முறையும் கேட்ச் எஞ்சினியர், பந்து ப்ராக்டர். அடுத்த ஆட்டத்துக்கு அவரை அழைக்கவில்லை. அதன்பின் எப்போதுமே அழைக்கவில்லை.

அதில் வருத்தம் உண்டு, முறையீடு இல்லை. சரியாக ஆடாதவரைத் தேர்வாளர்கள் கைவிடுவது ஆட்டத்தின் வழக்கம். என் முறையீடு அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. இன்டர்நேஷனல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ் என்று அப்போது பெயர் கொண்டிருந்த உங்கள் அமைப்பு, அந்த ஐந்து ஆட்டங்களும் டெஸ்ட் ஆகாது என்று தீர்மானித்தது. அன்று அவரோடு சேர்ந்து அறிமுகமான பிரையன் லக்ஹர்ஸ்டுக்குப் பிறகு 21 டெஸ்டுகள் கிடைத்தன; அவருக்கு அது பெரிய இழப்பாகத் தெரிந்திருக்காது. ஜோன்ஸுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். ஒரு கையெழுத்தில் அவர் டெஸ்ட் ஆடாதவர் ஆனார். இன்றும் டெஸ்டே ஆடாமல் முதல்தர கிரிக்கெட்டில் அதிக ரன் எடுத்தவர் என்றுதான் அவர் பெயர் பதிவேடுகளில் நிற்கிறது. டெஸ்ட் ஆடாமல் அதிக விக்கெட் எடுத்தவரும் அதே கிளாமோர்கன்காரர்தான், 2,218 விக்கெட் வீழ்த்திய டான் ஷெப்பர்ட். 1969இல் ஒரு தோல்வியும் இல்லாமல் கவுண்டி சாம்பியன்ஷிப்பை வென்ற அணியில் இந்த இருவரும் இருந்தார்கள்.

டெஸ்ட் என்பது இரு நாடுகளுக்கு இடையே நடப்பது, கலவை அணி ஒரு நாடு ஆகாது என்பீர்கள். நல்ல விதிதான். அதை நீங்கள் கடைசிவரை காப்பாற்றியிருந்தால் இந்த மடலை எழுதியிருக்கவே மாட்டேன்.

2005 அக்டோபரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவும் நீங்கள் தேர்ந்தெடுத்த உலக அணியும் ஆடின. நான்காம் நாளே முடிந்த ஆட்டம். ஆஸ்திரேலியா 210 ரன்னில் வென்றது. அதற்கு டெஸ்ட் தகுதி கொடுத்தீர்கள், இன்றுவரை அது ஏட்டில் இருக்கிறது. முத்தையா முரளிதரன் அந்த ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்தார். 2010இல் இலங்கையின் காலி நகரில் அவர் தொட்ட 800 டெஸ்ட் விக்கெட்டில் இலங்கைக்காக எடுத்தவை 795; மீதி ஐந்தும் சிட்னியில் எடுத்தவை. அந்த 800ஆவது விக்கெட் விழுந்தபோது தொலைக்காட்சி முன் எழுந்து நின்று கைதட்டியவன் நான். முரளியின் ஐந்தை எடுத்துவிடுங்கள் என்று எந்தக் காலத்திலும் கேட்க மாட்டேன். மட்டையாளர் நின்றார், பந்து திரும்பியது, விக்கெட் விழுந்தது. நடந்தது நடந்ததுதான். அதே நியாயம் லார்ட்ஸில் ஜோன்ஸ் எடுத்த ஐந்துக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2005இன் உலக அணி டெஸ்ட் ஆடலாம், 1970இன் உலக அணி ஆடக் கூடாது என்பதற்கு எந்த விதியிலும் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லீக்கில் ஓர் ஆட்டத்தில் ஒரு பையன் 104 அடித்தான். எதிரணி பதிவு செய்யாத ஆளை இறக்கியது பிறகு தெரியவந்தது. நிர்வாகம் ஆட்டத்தையே ரத்து செய்தது. புள்ளிகளை மாற்றியதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தச் சதத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் வாழ்க்கையில் அடித்த ஒரே சதம் அது. தவறு செய்தவர்கள் யாரோ, இழந்தவன் அவன். இன்று அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து, "அண்ணே, அந்தப் பக்கம் இருக்கா? பொண்ணு நம்ப மாட்டேங்குறா" என்றான். இருந்தது, பேனாவில் எழுதியது. அவன் அதைக் கைபேசியில் படம் எடுக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

1970ஐச் சேர்த்தால் டெஸ்ட் வரிசை எண்கள் எல்லாம் குலையும் என்று உங்கள் புள்ளிவிவரக்காரர்கள் சொல்லலாம். வரிசையைத் தொட வேண்டாம். இங்கிலாந்து வாரியம் வழி காட்டியிருக்கிறது. 2020 ஜூனில், கொரோனா முடக்கத்தின் நடுவே, அந்த லார்ட்ஸ் ஆட்டத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தபோது, எண்பத்தொரு வயதான ஆலன் ஜோன்ஸுக்கு, டெஸ்ட் ஆடுகிறவர்களுக்கு அறிமுக வரிசைப்படி கொடுக்கும் இங்கிலாந்துத் தொப்பி எண்களில் 696ஐ வழங்கினார்கள். 1970க்கு உரிய எண் அல்ல. 2020இல் அடுத்ததாக இருந்த எண். யாருடைய எண்ணும் நகரவில்லை. அதைப்போலவே அந்த ஐந்து ஆட்டங்களுக்கும் இனி வரும் எண்களைக் கொடுங்கள், தேதியை மட்டும் 1970 என்று போடுங்கள்.

1971-72இல் ஆஸ்திரேலியாவிலும் உலக அணி ஆடியதே, அதையும் கேட்பார்களே என்று தயங்கலாம். கேட்கட்டும். மெல்போர்னில் சோபர்ஸ் அடித்த 254ஐ ப்ராட்மேனே ஆஸ்திரேலியாவில் ஆடப்பட்ட தலைசிறந்த இன்னிங்ஸ் எனும் அளவுக்குப் புகழ்ந்தார். அதை வேறு நாள் தனியாக விவாதியுங்கள். லார்ட்ஸ் விஷயம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு நாட்டின் வாரியம் டெஸ்ட் என்று அழைத்து, தேர்வாளர்களை வைத்து ஆளெடுத்து, தொப்பி போட்டு அனுப்பியது. அழைப்பை நம்பிப் போனவர் அவர்.

ஓய்வுக்குப் பிறகும் ஜோன்ஸ் கிளாமோர்கனிலேயே பயிற்சியாளராக இருந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆடிய ஒருவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, அதில் மிகப் பெரிய நாளைப் பற்றிப் பதிவேடு "அப்படி ஒன்று நடக்கவில்லை" என்று சொல்லக் கூடாது. அவர் அன்று நன்றாக ஆடவில்லை என்று அது சொல்லட்டும், அதுதான் உண்மை.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன். சேர்த்து முடிவெடுத்தால் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதிவைத்திருக்கிறேன்:

ஆ. ஜோன்ஸ், இங்கிலாந்து, 1970. டெஸ்ட் 1, இன்னிங்ஸ் 2, ரன் 5, அதிகபட்சம் 5, சராசரி 2.50.

இப்படிக்கு,
ஒரு ஸ்கோரர்